கண் விழித்ததும் முதல் சொல்

காலையில் கண் விழித்ததும் உங்கள் வாயில் வரும் முதல் சொல் எது? பலருக்கு, "ஐயோ, நேரமாகிவிட்டதே!" என்பதுதான்.

சிங்கப்பூர் வாட்டர்லூ தெரு கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிறவர்கள், அதே தெருவில் 1878-இல் திறக்கப்பட்ட யூதர் ஆலயத்தையும் கண்டிருப்பீர்கள். அச்சமயத்தார் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே 'மோதே அனி' என்று தொடங்கச் சொல்லித் தருகிறார்கள். பெண்கள் 'மோதா அனி' என்பார்கள். எபிரேய மொழியில் நன்றி முன்னே நிற்கிறது. 'நான்' பின்னால்தான் வருகிறது, பாருங்கள்! உயிரைத் திருப்பித் தந்தமைக்கு நன்றி என்பது பொருள். இறைவனின் திருப்பெயர் அதில் இல்லாததால், கை கழுவும் முன்பே படுக்கையில் இருந்தபடி சொல்லலாம்.

ரொட்டிக்கு ஒரு வாழ்த்து, பழத்துக்கு ஒன்று, இடி இடித்தால் ஒன்று. நாளொன்றுக்கு 100 வாழ்த்துகள் என்று தால்மூத் நூலில் ரப்பி மெயிர் கணக்குச் சொல்கிறார். கழிவறை போய் வந்து கை கழுவியதும் சொல்லவும் ஒன்றுண்டு. சிரிக்காதீர்கள்! உடலின் துளைகளில் ஒன்று அடைத்துக்கொண்டாலும், ஒன்று பிளந்துகொண்டாலும் மனிதன் பிழைத்து நிற்க முடியாது என்று நினைத்துச் சொல்வது அது. சிறுநீர் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவரைக் கேளுங்கள், அதன் அருமையைச் சொல்வார்.

கடினமானது இனிமேல்தான். நல்லதற்கு வாழ்த்துவது போலவே கெட்டதற்கும் வாழ்த்த வேண்டும் என்பது மிஷ்னாவின் விதி. சாவுச் செய்தி வந்தாலும், இறைவனை உண்மையான நீதிபதி என்று வாழ்த்துகிறார்கள். துக்கத்தை மறைத்துக்கொண்டு அல்ல. பெற்றவரைப் பறிகொடுத்த பிள்ளை, நெஞ்சருகே தன் சட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றபடி அதைச் சொல்கிறான்.