தப்பை அட்டையே சொல்லட்டும்!



ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் ஒரு சகோதரி வருத்தப்பட்டுச் சொன்னார்: "எம் பையனுக்கு நாலு வயசு. சிலேட்டைப் பார்த்தாலே ஓடுறான். குச்சியக் கையில எடுத்தாத்தான் உட்கார்றான்." பக்கத்தில் இருந்த பலரும் தலையாட்டினார்கள். பிள்ளை பயப்படுவது எழுத்தைப் பார்த்தா, அடியைப் பார்த்தா?

இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1907-ல் ரோம் நகரத் தொழிலாளர் குடியிருப்பில் சிறுவர் இல்லம் தொடங்கியவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். குழந்தை கையால் தொட்டுக் கற்கும். செய்த தப்பைப் பொருளே காட்டிக் கொடுக்கும். இதுதான் அவர் முறை. அந்த மரச்சாமான்களின் விலை அதிகம். நமக்கு மளிகைக்கடை அட்டைப்பெட்டி போதும்.

1. மணல் எழுத்து

உள்ளங்கை அகல அட்டையில் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். அதன்மேல் பெவிகால் தடவி, சலித்துக் கழுவிக் காயவைத்த மணலைத் தூவுங்கள். காய்ந்ததும் தட்டி விடுங்கள். ட, ப என்று நேர்கோட்டு எழுத்தில் தொடங்கலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டாலும் எழுதும் திசையிலேயே தடவச் சொல்லுங்கள். விரல் விலகினால் வழவழப்பு தட்டும், பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

முதலில் "இது ட" என்று சொல்லுங்கள். பிறகு "ட எது, காட்டு" என்று கேளுங்கள். கடைசியாகத்தான் "இது என்ன?" தெரியாவிட்டால் திட்டாமல் முதல் படிக்கே திரும்புங்கள்.

2. எண் பட்டை

3 செ.மீ. அகலத்தில் பத்துப் பட்டைகள் வெட்டுங்கள். நீளம் 5, 10, 15 என்று 50 செ.மீ. வரை. ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றிக் கலர் பேப்பர் ஒட்டுங்கள். வளையாமல் இருக்க இரண்டு அட்டையைச் சேர்த்து ஒட்டுவது நல்லது. 9-ஆம் பட்டையோடு 1-ஐச் சேர்த்தால் 10-க்குச் சமம், 8-உடன் 2. தப்பாக வைத்தால் நீளம் இடிக்கும். அதனால் ஸ்கேல் வைத்தே வெட்டுங்க. நம்ம அளவு பிசகினால் பிள்ளைக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

3. புளியங்கொட்டைப் பெட்டி

பத்துக் காலித் தீப்பெட்டித் தட்டுகளை அட்டையில் வரிசையாக ஒட்டி 0 முதல் 9 வரை எழுதுங்கள். 45 புளியங்கொட்டைகளை எண்ணிக் கொடுங்கள். எண்ணுக்கு ஏற்றபடி போட்டால் 9-ல் சரியாக முடியும். மீந்தாலும் குறைந்தாலும் எங்கோ தப்பு என்று பிள்ளைக்கே புரியும். 0 தட்டு காலியாகவே இருக்கும். சுழியம் என்றால் ஒன்றுமில்லை என்பதைக் கண்ணால் பார்க்கும்.

கவனம்: வாயில் போடும் வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கொட்டைக்குப் பதில் ஐஸ் குச்சி வையுங்கள். கத்தி, கத்தரி நம் கையிலேயே இருக்கட்டும். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளையை மாற்ற வேண்டாம்.

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். பிள்ளை எழுந்து போனால் விட்டுவிடுங்க, நாளைக்குத் தானே வரும். நம்ம வேலை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான். "தப்பு, தப்பு" என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, அட்டை சொல்லிவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொண்டு வாங்க. சேர்ந்தே செய்வோம். ஒரு செட்டை நம்ம ஊர் அங்கன்வாடிக்கும் கொடுப்போம். குச்சி அடுப்பெரிக்கப் போகட்டும்!