பத்துப் பாடம், ஒரே வீடியோ: எப்படி?

தையல் கற்றுத்தரும் பத்து வீடியோக்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒரே கோப்பாக்கி, ‘காலர்’ என்று தொட்டால் காலருக்கே போக முடியுமா?

முடியும். எல்லாம் ஒரே கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), ஒரே பட அளவு, ஒரே ஒலி அமைப்பு என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் படத்தைத் தொடாமலே ஒட்டிவிடும். தரம் துளியும் குறையாது. ஒன்றை மட்டும் செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தால் வம்புதான், அதை முதலில் மாற்றியாக வேண்டும்.

‘காலர்’ என்று தொட்டுத் தாவ உதவும் அத்தியாயங்கள் என்பவை தொடங்கும் நேரமும் தலைப்பும் கொண்ட சின்னப் பட்டியல், அவ்வளவே. எம்பி4, எம்கேவி இரண்டிலும் அதைச் செருகலாம். யூடியூபில் விளக்கப் பகுதியில் 0:00 தொடங்கி மூன்று நேரங்களாவது எழுத வேண்டும்.

தாவும்போது படம் சில சமயம் திணறுவது ஏன்? வீடியோவில் முழுப் படங்கள் அவ்வப்போதுதான் வரும். இடையில் இருப்பவை, பக்கத்துப் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டுமே. நடுவில் குதித்தால், பிளேயர் முந்தைய முழுப் படத்துக்குப் பின்வாங்கி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு பாடமும் பொதுவாக முழுப் படத்தில்தான் தொடங்கும் என்பதால், ஒட்டிய இடத்திலேயே அத்தியாயத்தை வைத்தால் இந்தத் திணறல் இருக்காது.