காட்டுப்பன்றிக் கறி: ஃபிரீசரில் இடம் இருக்கிறதா?

பேராக் தோட்டப்புறத்தில் வாழும் என் மாமா, பெர்ஹிலித்தான் உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறவர். வறுவல் பக்குவம் எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் அத்துப்படி. மிஞ்சும் கறியைப் பத்திரப்படுத்துவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் கணக்குப் போடுங்கள். 60 கிலோ பன்றியில் தோல், குடல், எலும்பு போக 25 கிலோ கறி தேறலாம். அதற்கு ஏறக்குறைய 50 லிட்டர் இடம் வேண்டும்.

இடம் இருக்கிறதே என்று ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். உள்ளே சூடு ஏறி, நடுவில் இருக்கும் கறி உறையத் தாமதமாகும். 200 லிட்டர் ஃபிரீசருக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ போதும். மிச்சத்தை ஐஸ்பெட்டியில் 4 டிகிரிக்குள் வைத்து, அடுத்த இரண்டு நாளில் மாற்றுங்கள்.

ஒருவேளைச் சமையலுக்கான அளவில் தட்டையாகக் கட்டி, காற்றை வெளியேற்றி, தேதி எழுதுங்கள். மைனஸ் 18 டிகிரி அவசியம். கரண்டு போனால் மூடியைத் திறக்காதீர்கள்; நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம்தான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உறைய வைத்தாலே காட்டுக்கறியில் உள்ள புழுக்கள் செத்துவிடும் என்று நம்ப முடியாது. கறியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தொடும்வரை வேகட்டும்.