துலக்கினால் போகாத மஞ்சள்

மும்பையில் தாராவியிலோ செம்பூரிலோ ஒரு பிள்ளை மஞ்சள் பல் தெரியச் சிரித்தால், “ஒழுங்கா பல் தேய்க்கிறியா இல்லையா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். வளர்ந்த பையனென்றால் குட்கா சந்தேகம் வேறு. அந்தப் பிள்ளைகளில் சிலர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். அவர்களுக்கு இருப்பது ‘அமெலோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா’ என்ற பரம்பரைக் குறைபாடு.

எனாமல் எங்கே போனது?

பல்லின் மேலுறையான எனாமலில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். உடம்பில் இதைவிடக் கடினமானது வேறில்லை. ஈறுக்குள் பல் உருவாகும்போதே இது அமைந்துவிடுகிறது. அதை அமைக்கும் செல்கள் பல் முளைக்கும்போது அழிந்துபோவதால் எனாமல் மறுபடி வளராது. ஜீனில் பழுது இருந்தால் எனாமல் மெலிதாகவோ, சுரண்டினால் உதிரும்படியோ அமைகிறது. உள்ளிருக்கும் டென்டினின் மஞ்சள் வெளியே தெரிகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது. கரியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது இருக்கிற எனாமலையும் தேய்த்துவிடும்.

தண்ணீரா, பரம்பரையா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீரால் பல் கறைபடுவது உண்டு. அங்கே பக்கத்து வீட்டாருக்கும் அதே கறை இருக்கும். பால்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். பரம்பரைக் குறைபாடு பால்பல், நிலைப்பல் இரண்டையும் பிடிக்கும். டாக்டர் பெற்றோரின் பற்களையும் பார்ப்பது இதனால்தான். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகையில், மகனுக்கு முழுதாகத் தெரிவது தாயின் பல்லில் செங்குத்துக் கோடுகளாக மட்டும் இருக்கலாம்.

இன்னொரு வகையில் பெற்றோர் இருவரிடமும் பழுதான ஜீன் மறைந்திருக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் குறைபாடு வர 25 சதவீத வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வடக்கு ஸ்வீடனில் சுமார் 700 பேரில் ஒருவருக்கும், அமெரிக்காவில் 14,000 பேரில் ஒருவருக்கும் அமெலோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

பல் டாக்டரிடம் சீக்கிரம் போவதுதான் முக்கியம். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் தேய்ந்துபோவதற்குள் ஸ்டீல் கேப் போட்டால் பல் தப்பும். முன்பற்களுக்குப் பல் நிறத்தில் காம்போசிட் பூசுவார்கள். வளர்ச்சி முடிந்தபின் செராமிக் கேப். பள்ளியில் கேலிக்குப் பயந்து வாயைப் பொத்திப் பேசும் பிள்ளைக்கு, முன்பல் பூச்சை ‘அழகுக்குத்தானே’ என்று தள்ளிப்போடக் கூடாது.

மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், சிஎஸ்எம்டி அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. மாட்டுங்காவிலிருந்து இரண்டுக்கும் லோக்கல் ரயிலில் போகலாம்.

நிலைப்பற்கள் முளைக்காமல் ஈறும் தடித்திருந்தால் சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்கேன் கேளுங்கள். அரிதான ஒரு வகையில் அங்கே சுண்ணாம்புச் சத்து படியும். அது படிவதால் பெரும்பாலும் வலி எதுவும் தெரியாது.