புனைபெயரும் ஆள்மாறாட்டமும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவருடைய பெயரையும் படத்தையும் களவாடி, எவனோ ஒருவன் முகநூலில் போலிக் கணக்குத் தொடங்கி, 'அவசரம், பணம் அனுப்பவும்' என்று கம்பத்திலும் சின்னமனூரிலும் உள்ள அவருடைய சிநேகிதர்களிடம் யாசிப்பானாகில், நாணயத்தை நம்பியே கொடுக்கல் வாங்கல் நடக்கும் அவ்வட்டாரத்தில் விளையும் நஷ்டம் பணத்தோடு நிற்பதன்று. எனினும், பொய்ப்பெயர் பூண்டது மாத்திரமே குற்றமாகாது என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

புனைபெயரை விலக்கும் சட்டம் நம் தேசத்தில் இல்லை; இருந்திருப்பின், சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனாகவும், மனைவியின் பெயரைச் சூடிக்கொண்ட ரங்கராஜன் சுஜாதாவாகவும் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார்கள். சட்டம் தேடுவது வஞ்சக நோக்கத்தையே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்த 66சி பிரிவு, பிறருடைய கடவுச்சொல் போன்ற தனித்த அடையாளங்களைக் கபடமாகப் பிரயோகிப்பவனையும், 66டி பிரிவு, கணினியோ கைபேசியோ கொண்டு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுபவனையும், 3 ஆண்டு வரை சிறைக்கும் 1 லட்ச ரூபாய் வரை அபராதத்துக்கும் உள்ளாக்குகின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவோ 5 ஆண்டு வரை செல்லுகிறது; அன்றியும், வேஷத்துக்குரிய ஆள் மெய்யாகவே இருப்பவரா, கற்பனைப் பாத்திரமா என்பதை அது பொருட்படுத்துவதே இல்லை. ஆதலால், எங்குமே இல்லாத ஒரு ராணுவ அதிகாரியாக நடித்துப் பணம் பறித்தவனும் தப்ப வழியில்லை.

இப்பிரிவுகள் பிறக்குமுன்பே, ஒரு பெண்ணின் பெயரால் பொய் மின்னஞ்சல் கணக்குத் திறந்து ஆபாசச் செய்திகளைப் பரப்பியவனைச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் தண்டித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அப்போது ஆள்மாறாட்டத்துக்கெனத் தனி விதி இல்லாமையால், ஆபாசப் பிரசுரத்துக்கான அதன் 67-ஆம் பிரிவையும், அவதூறு நோக்கிய போலி ஆவணத்துக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தையும் துணைக்கொள்ள நேர்ந்தது.

பாதிக்கப்பட்டவர் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணைத் தாமதமின்றி அழைக்கவேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் பதவிக்குக் குறையாதவரே புலனாய்வு செய்யவேண்டும் என்பது நிபந்தனை. இனி, 2021-இல் வகுத்த விதிகள், சம்பந்தப்பட்டவரோ அவர் சார்பில் பிறரோ முறையிட்ட 24 மணி நேரத்துக்குள் போலிக் கணக்கை அகற்றும்படி சமூக ஊடக ஸ்தாபனங்களைப் பணித்தன. அகற்றியதோடு பலர் திருப்தியடைந்து வீடு திரும்பிவிடுவதே என் வருத்தம். ஏனெனில், அகற்றப்பட்ட பதிவையும் அதன் தடயங்களையும் புலனாய்வுக்காக ஸ்தாபனம் காத்துவைக்கவேண்டிய காலம், அதிகாரிகள் நீட்டிக்கக் கோராதவரையில், 180 நாள் மட்டுமே.