பழைய பெரிய அளவு ரேடியோ கட்டுப்பாட்டுக் காரை மீண்டும் இயக்குதல்

பெரிய அளவு ரேடியோ கட்டுப்பாட்டுக் கார் என்பது உண்மையான காரின் ஐந்தில் ஒரு பங்கு (1:5) அல்லது நான்கில் ஒரு பங்கு (1:4) அளவில் செய்யப்பட்டு, கம்பியில்லாக் கருவி மூலம் தொலைவிலிருந்து ஓட்டப்படும் மாதிரிக் கார் ஆகும். 1:5 அளவுக் கார் ஏறத்தாழ 80 செ.மீ. நீளமும் 10 கிலோ அளவில் எடையும் கொண்டது. இவற்றில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடும் சிறிய இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினால் இயங்குகின்றன. பல ஆண்டுகள் பரணில் கிடந்த இத்தகைய காரைச் சீர்செய்து மீண்டும் ஓட வைப்பது ஒரு பொழுதுபோக்காக உள்ளது.

கிடைத்தவுடன் கயிற்றை இழுத்துக் கிளப்பிப் பார்ப்பதே இதில் நிகழும் பொதுவான தவறு. அப்படிச் செய்தால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் பழுதாகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, கட்டுப்பாட்டை இழந்த கார் ஆட்கள் மீது பாய்வது. எனவே எஞ்சினைத் தொடுவதற்கு முன் எதை முதலில் சரிபார்க்க வேண்டும் என்ற வரிசை முக்கியமானது.

பின்னணி

இத்தாலியின் எலெட்ரோனிக்கா ஜொக்காட்டோலி நிறுவனம் 1966-இல் வெளியிட்ட 1:12 அளவு ஃபெராரி கார், வணிக முறையில் விற்கப்பட்ட முதல் ரேடியோ கட்டுப்பாட்டுக் காராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. பின்னர் வந்த 1:8 அளவுக் கார்கள் மெத்தனாலும் நைட்ரோமெத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடின. பெரிய அளவுக் கார்கள் சாதாரணப் பெட்ரோலுக்கு மாறின. செருமனியின் எஃப்ஜி மாடல்ஸ்போர்ட் இவ்வகைக் கார்களுக்குப் பெயர் பெற்றது. சப்பானின் செனோவா எஞ்சின்கள் இவற்றில் பரவலாகப் பயன்பட்டன. இவை புல்வெட்டும் கருவிகளில் உள்ள எஞ்சின்களின் இனத்தைச் சேர்ந்தவை. எடுத்துக்காட்டாக, செனோவா ஜி230ஆர்சி எஞ்சினின் உருளை விட்டம் 32 மி.மீ., வீச்சு நீளம் 28 மி.மீ., கொள்ளளவு 22.5 கன செ.மீ.

முதற்கட்ட ஆய்வு

காரைக் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலும் ஒளிப்படம் எடுத்துக்கொள்வது பின்னர் பூட்டும்போது உதவும். அடுத்துப் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டி. வடிகட்டியின் நுரைப்பஞ்சு வயதானால் பொடிப்பொடியாக உதிரும். அந்தத் துகள்கள் எஞ்சினுக்குள் சென்றால் பிஸ்டனையும் உருளையையும் கீறிவிடும். ஆகவே பஞ்சு நன்றாகத் தெரிந்தாலும் புதியது போடுவதே நல்லது.

சைலன்சரைக் கழற்றி, புகைபோக்கித் துளை வழியாக பிஸ்டனைப் பார்க்கலாம். பக்கவாட்டில் செங்குத்தான ஆழமான கோடுகள் இருந்தால் எஞ்சின் முன்பே ஒருமுறை இறுகியிருக்கிறது என்று பொருள். கோடுகள் இல்லையென்றால் தீப்பொறிச் செருகியை (ஸ்பார்க் பிளக்) எடுத்துவிட்டு, சில துளி இருவீச்சு எண்ணெயை விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துச் சுற்ற வேண்டும். செருகியை மீண்டும் பொருத்தி இழுக்கும்போது கையில் தெளிவான எதிர்ப்பு தெரிந்தால் அழுத்தம் உள்ளது.

எரிபொருள் அமைப்பு

நெடுங்காலம் நின்ற காரில் பெரும்பாலும் கெட்டுப்போவது கார்புரேட்டர். இக்கார்களில் வால்ப்ரோ போன்ற சவ்வு வகைக் கார்புரேட்டர் உள்ளது. எஞ்சினின் அடிப்பெட்டியில் மாறிமாறி எழும் அழுத்தம் ஒரு மெல்லிய சவ்வை அசைத்து பெட்ரோலை இழுக்கிறது. பழைய பெட்ரோல் காய்ந்தால் பசை போலப் படிந்து நுண்துளைகளை அடைக்கும், சவ்வும் விறைத்துப்போகும். சவ்வு, அடைப்பான், சல்லடை ஆகியவை அடங்கிய பழுதுநீக்கும் தொகுப்பு தனியாக விற்கப்படுகிறது.

எரிபொருள் குழாய்களையும் மாற்ற வேண்டும். இந்தியா உட்படப் பல நாடுகளில் இன்று விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர் பாகங்கள் பல இதைத் தாங்குவதில்லை. அத்துடன் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் காற்று கலந்து பெட்ரோலின் பங்கு குறையும்.

இருவீச்சு எஞ்சினில் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலுடன் கலந்த எண்ணெயே உள்பாகங்களை வழவழப்பாக்குகிறது. 25:1 என்ற விகிதம் வழக்கமானது; அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. எண்ணெய். எண்ணெய் கலக்காத பெட்ரோலில் ஓட்டினால் எஞ்சின் விரைவில் இறுகிவிடும்.

ரேடியோ அமைப்பு

பழைய கார்களில் 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவிகள் இருக்கும். அனுப்பியிலும் ஏற்பியிலும் ஒரே தடத்துக்கான படிகங்களைப் பொருத்த வேண்டும். அருகில் வேறொருவர் அதே தடத்தைப் பயன்படுத்தினால் காரின் கட்டுப்பாடு குலையும். 10 கிலோ எடையுள்ள காருக்கு இது ஏற்றதல்ல என்பதால், பலர் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிக்கு மாறுகின்றனர். சில பழைய சர்வோக்களில் மூன்று கம்பிகளின் வரிசை இன்றைய வழக்கத்திலிருந்து வேறுபடும். அதைச் சரிபார்க்காமல் இணைத்தால் மின்சுற்று எரிந்துபோகலாம். பழைய மின்கலங்கள் கசிந்திருந்தால் அவற்றையும், அரித்துப்போன இணைப்புகளையும் மாற்ற வேண்டும்.

ஒரே சர்வோ ஒரு பக்கம் திரும்பும்போது எரிபொருள் வாயிலைத் திறக்கும்; மறுபக்கம் திரும்பும்போது பிரேக்கைப் பிடிக்கும். அலை துண்டிக்கப்பட்டால் சர்வோ தானாக பிரேக் நிலைக்குச் செல்லுமாறு ஏற்பியில் அமைக்கலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது, முடுக்கியை அழுத்தியபடியே அனுப்பியை அணைத்து இதைச் சோதிக்க வேண்டும். ஆனால் காரிலுள்ள மின்கலமே தீர்ந்துவிட்டால் சர்வோ இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இந்த ஏற்பாடு அப்போது உதவாது. அதற்காகவே எஞ்சினின் தீப்பொறியைத் துண்டிக்கும் தனி நிறுத்தக் கருவி பொருத்தப்படுகிறது. இது அமைப்புக்கு அமைப்பு வேறுபடுவதால், ஏற்பியின் மின்சாரம் நின்றாலும் எஞ்சின் நிற்கிறதா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.

கிளப்புதலும் சரிசெய்தலும்

எஞ்சினைத் திறந்த வெளியில்தான் கிளப்ப வேண்டும். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். பெட்ரோல் ஆவியும் தீப்பிடிக்கும். கார் நகராதபடி சக்கரங்கள் தரையில் படாமல் தாங்கியில் வைக்க வேண்டும். முதலில் அனுப்பியை இயக்கிப் பின்னர் ஏற்பியை இயக்குவதும், அணைக்கும்போது ஏற்பியை முதலில் அணைப்பதும் முறை.

கார்புரேட்டரில் குறைவேகத்துக்கும் உயர்வேகத்துக்கும் தனித்தனி ஊசித் திருகுகள் உண்டு. இரண்டையும் மெதுவாக முழுதும் மூடி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று திறப்பது தொடக்க நிலை. சரியான அளவு கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர் மாறுபடும். தொடக்கத்தில் பெட்ரோல் சற்று அதிகமாகச் செல்வதே பாதுகாப்பானது. குறைவாகச் சென்றால் எஞ்சின் வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். ஆனால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் சூடேறி இறுகும்.

ஓடிய பின் செருகியின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கருத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. சக்கரங்கள் தரையில் படாத நிலையில் முழு வேகம் கொடுக்கக் கூடாது. சுமையில்லாத எஞ்சின் வரம்பு மீறிச் சுழலும். பழைய டயர்களும் சக்கர வளையத்திலிருந்து பிய்த்துக்கொள்ளும்.

முதல் ஓட்டம்

ஆளில்லாத அகன்ற திடலில், எஞ்சினை அணைத்த நிலையில் ஒருவர் காரருகே நிற்க, மற்றவர் தொலைவில் சென்று கட்டுப்பாடு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தொட்டிப் பெட்ரோல் தீரும்வரை பாதி வேகத்துக்குமேல் போகாமல் ஓட்டுவது நல்லது. எஞ்சினின் அதிர்வு திருகுகளைத் தளர்த்தும் என்பதால், ஓடி முடிந்ததும் எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். உலோகத்தில் பூட்டும் திருகுகளுக்குத் திருகுப் பசை இடலாம். வயதான நெகிழிப் பாகங்கள் எளிதில் முறியக்கூடியவை. அவற்றில் விரிசல் உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

மாற்றப்பட்ட மூலப் பாகங்களை எறியாமல் பெயரெழுதிப் பாதுகாப்பது வழக்கம். உற்பத்தி நின்றுபோன கார்களுக்கு அவையே அளவு பார்த்துப் புதுப்பாகம் செய்ய உதவும் மாதிரிகள். ஓட்டம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, கார்புரேட்டரில் மீதமுள்ள பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினால், அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றும் வேலை பெரும்பாலும் இருக்காது.