பழைய டீசல் காரில் பழுதறியும் முறை

தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, நரசீபுரம் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் பழைய டீசல் கார் அல்லது ஜீப் ஒன்று தென்னை நிழலில் நிற்பதை இன்றும் காணலாம். அம்பாசிடர் காரில் டீசல் என்ஜின் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தது. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றுவிட்ட போதிலும், பம்புசெட் மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொண்டு செல்லவும், உர மூட்டை எடுத்து வரவும், குடும்பத்தோடு விசேஷங்களுக்குப் போய் வரவும் இவ்வண்டிகள் இன்னும் பயன்படுகின்றன. குறைந்த விலைக்குக் கிடைப்பதால் புதிதாக வாங்குவோரும் உண்டு.

இவ்வண்டிகளில் பெருஞ்செலவு பெரும்பாலும் பழுதினால் வருவதில்லை. பழுதைத் தவறாகக் கணிப்பதால் வருகிறது. பத்து ரூபாய் செம்பு வாஷர் கசிவதற்கு டீசல் பம்பையே கழற்றி ஓவர்ஹால் செய்துவிடுகின்றனர். பயிரிலும் இதே கதைதான். இலை மஞ்சளானால் உடனே யூரியா போடுகிறோம். முதிர்ந்த அடியிலைகள் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். குருத்திலைகள் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். பின்னதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. அறிகுறி எங்கே, எப்போது தோன்றுகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. உள்ளிழுத்த காற்றை 20 மடங்கு அளவுக்கு அழுத்தும்போது ஏற்படும் வெப்பத்தினாலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்று, அழுத்தம், சரியான நேரத்தில் தூவப்படும் டீசல் ஆகிய மூன்றும் இருந்தால் என்ஜின் ஓடியே தீரும். கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓட்டிய பெரியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

காலையில் கிளம்பாத வண்டி

முதலில் செல்ஃப் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கவனிக்கவும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தத்தின் வெப்பம் சிலிண்டர் சுவரிலேயே வீணாகிவிடும், டீசல் பற்றாது. பேட்டரி முனைகளில் படிந்த வெள்ளைப் பூப்பைச் சுடுநீரால் கழுவி, என்ஜினிலிருந்து சட்டத்துக்குச் செல்லும் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். புதுப் பேட்டரி வாங்கியும் கிளம்பாத வண்டிகள் சில, இந்தப் பட்டையைத் தேய்த்ததும் கிளம்பிவிடுகின்றன.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் கிளம்பவில்லையெனில், ஒருவரைச் சுற்றச் சொல்லிவிட்டுப் புகைக்குழாயைப் பார்க்கவும். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெண்புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

புகையே இல்லாதபோது, பம்பின் மேலுள்ள நிறுத்தும் சொலினாய்டைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது அதில் 'டிக்' என்ற ஒலி கேட்க வேண்டும். ஒலி இல்லையேல் ஒயர் அறுந்திருக்கலாம், சொலினாய்டு போயிருக்கலாம். கேபிள் இழுத்து நிறுத்தும் வண்டியாயின், கேபிள் முழுவதும் திரும்பி வராமல் சிக்கியிருக்கலாம். இவை சரியாக இருந்தால் டீசல் வரும் வழியில் காற்றுப் புகுந்துள்ளது எனக் கொள்ளலாம்.

வெண்புகை வந்தும் கிளம்பாததற்கு ஹீட்டர் பிளக் முதற்காரணம். மலையடிவாரமாகிய நம் பகுதியில் மார்கழி, தைக் காலைகளில்தான் இக்குறை வெளிப்படும். சித்திரையில் தெரியவே தெரியாது. பிளக்குகளை இணைக்கும் ஒயரையோ பட்டையையோ கழற்றிவிட்டு, 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் இடையே வைத்துப் பார்க்கவும். பல்பு எரியாத பிளக் அறுந்துபோனது. மிகப் பழைய சில என்ஜின்களில் பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருக்கும். அவற்றில் ஒன்று போனால் நான்கும் வேலை செய்யா. பிளக்குகள் சரியாக இருந்தும் நிலைமை மாறாவிட்டால் பம்ப் டைமிங்கையும் சிலிண்டர் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். அதற்கு மெக்கானிக் தேவை.

காற்றுப் பிடித்தல்

டீசல் ஒழுகுகிற இடம் கண்ணுக்குத் தெரியும்; காற்று நுழைகிற இடம் தெரியாது. டேங்கிலிருந்து வரும் குழாயில் உறிஞ்சு விசை இருப்பதால், வெடித்த ரப்பர் ஓஸ் வழியே டீசல் சொட்டாமலேயே காற்று உள்ளே போய்விடும். இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் கிளம்பி, சில விநாடி ஓடி அணைந்து, பின் நெடுநேரம் சுற்றிய பிறகே ஓடுமானால் இதையே முதலில் ஐயுற வேண்டும். ஃபில்டருக்கு முன் ஒரு சாண் நீளம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் ஓடுவது தெரியும்.

காற்றை எடுக்க, ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தவும். குமிழியின்றி டீசல் மட்டும் வரும்போது, வந்துகொண்டிருக்கும் நிலையிலேயே திருகை இறுக்க வேண்டும். அடுத்து டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்து, இறுதியாக இரண்டு நாசில்களின் குழாய் நட்டுகளைத் தளர்த்தி டீசல் வரும்வரை செல்ஃப் அடிக்கவும். கழற்றிய செம்பு வாஷரை அப்படியே மாட்டாமல், செஞ்சூடு வரக் காய்ச்சி ஆறவிட்டு மாட்டினால் மிருதுவாகிக் கசியாமல் படியும்.

வேறொரு வகைப் பழுதும் உண்டு. பத்துக் கிலோமீட்டர் நன்றாக ஓடும். பேரூர் தாண்டியதும் இழுவை குறைந்து நின்றுவிடும். கால்மணி நேரம் கழித்து ஒன்றும் நடவாதது போல் கிளம்பும். இதற்குப் பம்பை மாற்றியவர்களும் இருக்கின்றனர். டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் ஒலி கேட்டால், மூடியின் சிறு துளை மண்ணால் அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியே அதற்கு மருந்து. ஒலி இல்லாவிட்டால் டேங்கினுள் உறிஞ்சு குழாயின் வாயை ஏதேனும் குப்பை அடைத்திருக்கலாம்.

புகையின் நிறம்

ஓடும் வண்டியில் கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்பது பொருள். தோட்டத்து மண்பாதையில் ஓடும் வண்டிக்கு முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பதே முறை. அது சுத்தமாக இருந்தால் நாசில் ஒழுகுகிறதா என்று சோதிக்கச் செய்யவும். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். ரிங், லைனர் அல்லது வால்வு கைடு தேய்ந்துள்ளது. என்ஜின் சூடான பின்னும் வெண்புகை ஓயாமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்நிலையில் வண்டியை ஓட்டுவது ஹெட்டையே வளைத்துவிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் என்ஜின் குலுங்கினால், ஓடும்போதே நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்திப் பார்க்கலாம். தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றம் தெரியாத சிலிண்டரே குற்றவாளி. டீசல் பீய்ச்சும் இடத்தில் விரலையோ முகத்தையோ காட்டக் கூடாது. அது தோலைத் துளைத்து உடம்பினுள் சென்றுவிடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. இச்சோதனை பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே. காமன் ரெயில் என்ஜின்களில் அழுத்தம் மிகக் கடுமை. அவற்றில் நட்டைத் தொடவே வேண்டாம்.

டீசல் பற்றி ஒரு வார்த்தை

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ். 6 தர டீசல் விற்கப்படுகிறது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்காது. பழைய பம்புகளின் முதிர்ந்த ரப்பர் சீல்கள் இத்தகைய டீசலில் சுருங்கிக் கசிவதுண்டு. கசிவு கண்டால் சீல் மாற்றினால் போதும். மண்ணெண்ணெய் கலப்பது மட்டும் கூடவே கூடாது. சுழல் வகைப் பம்புக்கு டீசலேதான் உயவு எண்ணெய். டீசலைத் துத்தநாகம் பூசிய தகர டின்னில் வைக்காதீர்கள். கேனில் ஒரு நாள் அசையாது வைத்து, அடியில் நான்கு விரற்கடை விட்டு மேல் டீசலை மட்டும் ஊற்றுங்கள். அடியில்தான் தண்ணீர் நிற்கும்.

வாங்கும்போது

விற்பவர் என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் விடியற்காலை வருவதாகச் சொல்லிவிடுங்கள். தொட்டால் குளிர்ந்திருக்கும் என்ஜின் கிளம்பும் விதமே உண்மையைச் சொல்லும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் சிறிது ஆவி வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் போர் வேலை காத்திருக்கிறது. மூடியின் அடியில் மோர் போன்ற படிவு இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்று பாராமல் வாங்க வேண்டாம். என்ஜினை எப்போதும் சரிசெய்யலாம். சட்டமும் தரைத் தகடும் துருவேறி உதிரும் வண்டியை என் கருத்தில் இலவசமாகக்கூட ஏற்கலாகாது.

பதிவுச் சான்றிலுள்ள சேஸிஸ் எண்ணைச் சட்டத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடவும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் மேலும் உயர்த்தப்பட்டது. பதிவு எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்து, அந்தச் செலவையும் விலையில் கழித்தே பேச வேண்டும்.